அறுபது இல்லாத நூறு

என் வேலைக்கு முதல் ஆள் என்று பெயர். தெருவில் அடியாள், கைத்தடி, வால் என்று என்னென்னவோ சொல்வார்கள். வாய் இருக்கிறது, சொல்லிவிட்டுப் போகட்டும். அடியாள் என்றால் அடிக்க வேண்டும். நான் பதினோரு வருடத்தில் ஒரே ஒருவனைத்தான் வீழ்த்தியிருக்கிறேன், அதுவும் ஒரு தையல் கடையில் கால் தடுக்கி அவன்மேல் விழுந்ததால். நூற்றுப் பதினெட்டு கிலோ. அவன் துப்பாக்கியை எடுப்பதற்குள் என் வயிறு வேலையை முடித்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு மூட்டை என்று பெயர் விழுந்தது.

முதல் ஆள் செய்ய வேண்டியது இதுதான்: அத்தான் எதைத் தொட்டாலும் அதற்கு முன்னால் நான் அதைத் தொட்டிருக்க வேண்டும். அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். நகரத்தின் பாதி அவர் கையில் இருந்தது. மறுபாதிக்காரர்கள் அவரைக் கொல்ல ஆசைப்பட்டார்கள். அவர் கையில் இருந்த பாதியிலும் அந்த ஆசை உள்ளவர்கள் கணிசமாக இருந்தார்கள். அதனால் அவருடைய செருப்பில் முதலில் என் கால் நுழையும். அவருடைய காரை முதலில் நான் ஸ்டார்ட் செய்வேன். டிரைவர் ஹாரன் அப்போது எதிர்ச்சாரியில் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருப்பான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரியம் அந்த நாற்காலி. மாடியில் அத்தானின் அறை. ஜன்னல் இருந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஒரு கதவு, ஒரு மேஜை, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு ஃபைல் அலமாரி, அதன் முன்னால் இரண்டு பேர் தாராளமாக உட்காரக்கூடிய ஒரு தோல் நாற்காலி. காலை எட்டரைக்குச் சமையல்காரர் காபி ஃபிளாஸ்க்கையும் கப்பையும் மேஜைமேல் வைப்பார். நான் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். பிறகு அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. "வெடிக்கிறது எதுவா இருந்தாலும் அது பாட்டுக்கு வெடிச்சு முடிச்சிடட்டும்" என்பது அத்தானின் கணக்கு. ஒன்பது மணிக்கு நான் திறந்து, ஒரு வாய் காபி குடித்து, நாற்காலியில் உட்கார்ந்து நூறு எண்ணுவேன். சாகவில்லை என்றால் கீழே போய், "வரலாம் அத்தான்" என்பேன்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவன் நெட்டை. அவன் இதே அறையில் முதல் வாய் காபி குடித்தான். கப்பைக் கீழே வைத்தான். "சர்க்கரை கம்மி" என்றான். செத்துப்போனான். அன்றிலிருந்து அந்த வீட்டில் காபிக்கு இரண்டு மடங்கு சர்க்கரை போடச் சொன்னார் அத்தான். அது ஒருவகை அஞ்சலி. அந்தக் காபியைக் கலந்தவரை அடுத்த நாள் ஊருக்கு அனுப்பிவைத்தார். அத்தான் ஒருவரை ஊருக்கு அனுப்பினால் அவருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. இந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரைக்கூட, வேலை முடிந்த அன்று மாலையே ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்வார்கள்.

நெட்டை போன மறுவாரம் அத்தான் என் தோளில் கைபோட்டு, "வெளியாளை நம்ப முடியலை மச்சான்" என்றார். நான் தலையாட்டினேன். ஏன் ஆட்டமாட்டேன்? அம்மா போனபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினாலு. அக்கா இவரைக் கட்டிக்கொண்டபோது, சீதனமாகக் கொண்டுபோனது என்னை மட்டும்தான். அவர் அப்போது சின்ன அளவில் யோக்கியமாகத் திருடிக்கொண்டிருந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது அவர். பல்வலி வந்தபோது தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது அவர். எனக்கு அவர்மேல் உயிர். இதை வெட்கப்படாமல் சொல்கிறேன்.

நான் தலையாட்டியதை அக்கா வாசலில் நின்று பார்த்தாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. நாலாவது நாள் என்னைத் திட்ட ஆரம்பித்தாள், அதன் பிறகு நிறுத்தவே இல்லை.

எண்ணுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எண் சொல்லிக்கொடுத்தது அக்கா. கண்ணாமூச்சி ஆடும்போது அவள் சுவரில் முகத்தைப் புதைத்து நூறு எண்ணுவாள். ஐம்பத்தொன்பது வரை ஒழுங்காக வரும், அடுத்தது எழுபது. பத்து எண்ணை முழுங்கிவிட்டு, நான் ஒளிவதற்குள் வந்து பிடித்துவிடுவாள். நான் அதுதான் நூறு என்று நம்பிப் பள்ளிக்கூடம் போனேன், வாத்தியாரிடம் உதை வாங்கினேன். உதை வாங்கியும் பழக்கம் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தும் அறுபதுகளை விட்டுவிட்டுத்தான் எண்ணுவேன். அத்தானின் உயிருக்கு நான் கொடுத்த காவலில் தினமும் பத்து எண் குறைவு. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

போன மழைக்காலத்தில்தான் அது ஆரம்பித்தது. ஒருநாள் ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது.

லேசான சூடு. ஒருவர் எழுந்துபோன இடத்தில் இருக்குமே, அந்தச் சூடு. நான் துள்ளி எழுந்தேன். நூற்றுப் பதினெட்டு கிலோ துள்ளுவது சாதாரண விஷயம் இல்லை, கீழே கூடத்தில் விளக்கு ஆடியதாம். கதவைப் பார்த்தேன். நான்தான் பூட்டினேன், நான்தான் திறந்தேன். அறையில் ஒளிய இடம் இல்லை. அலமாரியைத் திறந்து பார்த்தேன், ஃபைல்கள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன், குனிந்த பிறகு எழ முடியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். யாரும் இல்லை.

மனப்பிராந்தி என்று விட்டுவிட்டேன். மூன்று நாள் கழித்து, கவிழ்த்து வைத்திருந்த கப்பை நிமிர்த்தினேன். உள்ளே ஈரம். அடியில் ஒரு சொட்டுக் காபி. அடுத்த வாரம் அத்தானின் செருப்பில் காலை நுழைத்தேன், உள்ளே கதகதப்பு. நான் செய்யும் ஒவ்வொன்றையும் எனக்கு ஒரு நிமிடம் முன்னால் யாரோ செய்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். என் வேலையை எனக்கு முன்னால் செய்ய ஆசைப்படக்கூடியவன் உலகத்திலேயே ஒருவன்தான் உண்டு. அவனை நானே தூக்கிக்கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறேன்.

ஹாரனிடம் பட்டும் படாமலும் கேட்டேன்.

"நெட்டை வருவான்னு சொல்றியா?" என்றான் ஹாரன். அவனுக்குச் சாதாரணமாகப் பேசவே வராது, தெருவுக்கே கேட்கும்.

"மெதுவாடா."

"வந்தா என்ன மூட்டை? டியூட்டி பார்க்கிறான். உனக்கு லீவு மாதிரி நினைச்சுக்கோயேன்."

இவனையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படி நகரத்தில் பாதியைப் பிடித்தார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அக்காவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முட்டிவலி வந்ததிலிருந்து உட்கார்ந்தே எல்லாம் செய்வாள். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போவதற்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நேரம் எடுத்துக்கொள்வாள். நான் சொல்வதைக் கேட்டவள் மடித்த சட்டையையே மறுபடி பிரித்து மடித்தாள்.

"செத்தவன் உன்னை என்னடா பண்ணப் போறான்? உயிரோட இருக்கறவங்களைப் பாரு."

"அக்கா, நாற்காலி சூடா இருக்கு."

"உன் உடம்புச் சூடுதான். எண்ணெய்ப் பதார்த்தத்தைக் குறை." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அத்தான்கிட்ட இதைச் சொல்லாதே."

"ஏன்?"

"ஏன்னா ஏன்தான். சொல்லமாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சொல்லு."

சொன்னேன். ஆறு வயதிலிருந்து அவள் சொன்னதைத்தான் கேட்டு வளர்ந்தேன்.

அதற்கப்புறம் ஒருநாள் என் கைக்கடிகாரம் வேகமாக ஓடியதில் பத்து நிமிடம் முன்னதாகவே மாடிக்குப் போய்விட்டேன். வராந்தாவில் ஒரு ஈ காக்கை இல்லை. சாவியை எடுக்கும்போது உள்ளே இருந்து ஏதோ கேட்டது. கதவில் காதை வைத்தேன். பூட்டிய அறைக்குள், மூச்சுவிடுவது போன்ற ரகசியக் குரலில் யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"தொண்ணூத்தி ஏழு… தொண்ணூத்தி எட்டு… தொண்ணூத்தி ஒம்பது… நூறு."

பிறகு அமைதி.

சாவி கையிலிருந்து விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், வயிறு விடவில்லை. ஒருவழியாக எடுத்து, துவாரத்தைத் தேடித் திறந்தேன். அறையில் யாரும் இல்லை. குழல் விளக்கு மட்டும் ரீங்கரித்தது. நாற்காலியின் மெத்தை அமுங்கியிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு நீண்ட பெருமூச்சோடு மெல்ல மெல்ல மேலே எழும்பி, பழைய நிலைக்கு வந்து நின்றது.

அன்று நான் உட்காரவில்லை. கதவருகே நின்றபடியே நூறு எண்ணிவிட்டு, கீழே போய், "வரலாம் அத்தான்" என்றேன். என் வாழ்க்கையில் நான் அவரிடம் சொன்ன முதல் பொய் அது. அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும், அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று சட்டை முழுக்க வேர்த்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வேர்வையில் எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. ஒரு பேய்க்குப் பயந்து இந்த மனிதரைச் சாகவிட முடியாது. முதல் ஆள் எதையும் மறைக்கக்கூடாது.

மறுநாள் சொல்லிவிட்டேன். அக்காவுக்குச் செய்த சத்தியத்தை விழுங்கிவிட்டுச் சொன்னேன்.

அத்தான் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கதவு?"

"நான் பூட்டினது பூட்டினபடி இருந்துச்சு."

"காபியை யாரோ தொட்டிருக்காங்க?"

"கப்புல ஈரம் இருக்கு அத்தான்."

அவர் கண் ஃபைல் அலமாரிமேல் போய் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. முகத்தில் ரத்தம் வற்றியது. பேய்க்குப் பயப்படுகிறார் என்று நினைத்து, எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. இப்போது நினைத்தால் என் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அன்று மதியம் வயர் வேலை பார்க்கும் கம்பி என்ற ஆளை வரவழைத்தார். கம்பி இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தான். அவன் போன பிறகு அத்தான் என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். மெத்தைக்கு அடியில் தட்டையாக ஒரு தகடு, அதிலிருந்து ஒரு வயர். மேஜையின் அடிப்பக்கம் ஒரு துப்பாக்கி, முனை நாற்காலியில் உட்காருபவரின் நெஞ்சைப் பார்த்தபடி.

"உட்கார்றப்ப ஒண்ணும் தெரியாது மச்சான். ஒரு சின்ன கிளிக், அவ்வளவுதான். எந்திரிக்கறப்பதான் பதில் வரும். துப்பாக்கியையோ வயரையோ வேலை தெரியாதவன் தொட்டாலும் அதேதான்." அவர் குரல் அவர் குரலாகவே இல்லை. "நாளைக்கு நீ உள்ளே போகாதே. வெளியே நில்லு. சத்தம் கேட்டதும் திற. யாருன்னு பாரு."

"பேய்னா?"

"பேயா இருந்துடணும்னு நானும் வேண்டிக்கறேன்" என்றார்.

மறுநாள் எட்டரைக்குச் சமையல்காரர் ஃபிளாஸ்க்கை வைத்தார். பூட்டினேன். வராந்தாவில் கதவை ஒட்டி நின்றேன். கீழே குளியலறையில் அத்தான் சவரம் செய்துகொண்டிருந்தார், தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம் காத்திருப்பது மட்டுமே. இது போன்ற ஒரு வேலைநாள் எனக்கு வாய்த்ததே இல்லை.

எட்டு ஐம்பதுக்கு உள்ளே ஏதோ மரம் உரசியது. செருப்பில்லாத கால் ஒன்று தரையில் இழுபட்டது. ஃபிளாஸ்க் மூடி திறந்தது. கப்பில் காபி விழுந்தது. ஒரு வாய் உறிஞ்சும் சத்தம். பிறகு நாற்காலி பெருமூச்சு விட்டது. அந்தப் பெருமூச்சுக்குள்ளே சின்னதாக ஒரு கிளிக்.

"ஒண்ணு… ரெண்டு… மூணு…"

கதவில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். முதலில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபது வந்தபோது நெட்டைமேல் பாவமாக இருந்தது. ஒரு தடவை செத்தவனை இன்னொரு தடவை சுடுவது என்ன நியாயம்? நாற்பது வந்தபோது, பேயைத் துப்பாக்கி என்ன செய்யும், வீணாக மேஜையைத்தான் ஓட்டை போடும் என்று தேற்றிக்கொண்டேன். பேய் நிதானமாக எண்ணியது.

"அம்பத்தி ஏழு… அம்பத்தி எட்டு… அம்பத்தி ஒம்பது… எழுவது… எழுவத்தி ஒண்ணு…"

உலகத்தில் இரண்டே பேர்தான் இப்படி எண்ணுவார்கள். ஒருவன் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா! எந்திரிக்காதே!"

எப்படிக் கத்தினேன், எப்படித் திறந்தேன் என்று தெரியவில்லை. சாவியால் திறந்தேனா உடம்பால் திறந்தேனா என்றுகூடத் தெரியவில்லை, பிற்பாடு பார்த்தபோது கீல் ஒன்று பிடுங்கிக்கொண்டு தொங்கியது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெரிய நாற்காலியில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தாள், கையில் காபிக் கப். அவளுக்குப் பின்னால் ஃபைல் அலமாரி கதவைப் போலத் திறந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் அவளுடைய அறை, அவளுடைய கட்டில், அவள் மடித்து வைத்த துணிகள்.

"ஏண்டா எருமை, இப்படியா கத்துவே? காபி கொட்டிருச்சு பாரு."

"அசையாதே. உனக்கு அடியில தகடு இருக்கு. எந்திரிச்சா சுட்டுரும்."

அவள் மேஜையின் அடியில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

"அத்தான்கிட்ட சொல்லிட்டியா?"

நான் தலை குனிந்தேன்.

"என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணியேடா."

"பேய்னு நினைச்சேன் அக்கா." எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த உடம்பை வைத்துக்கொண்டு அழுதால் பார்க்கச் சகிக்காது என்று தெரியும், ஆனாலும் அழுதேன். "நீ எதுக்கு இங்க வந்தே? எவ்வளவு நாளா வர்றே?"

"நீ வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து. முன்னெல்லாம் நீ பூட்டின அஞ்சே நிமிஷத்துல முடிச்சுட்டுப் போயிடுவேன், உனக்குச் சந்தேகமே வராது. இப்ப இந்தப் பாழாப்போன முட்டி விடமாட்டேங்குது."

பதினோரு வருடம். தினமும் எனக்கு முன்னால் அவள் அந்தக் காபியைக் குடித்திருக்கிறாள். அந்தச் செருப்பில் காலை விட்டிருக்கிறாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, தொண்ணூறே எண்ணை நூறு என்று எண்ணி, இன்றைக்கும் தம்பி பிழைத்தான் என்று எழுந்துபோய் என்னைத் திட்டுவதற்கு உட்கார்ந்திருக்கிறாள்.

அத்தான் வாசலில் நின்றார். பாதி முகத்தில் சோப்பு நுரை. கையில் துண்டு. அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று நினைத்தேன், அங்கே இருந்தது அருவருப்பு கலந்த ஒரு துக்கம்.

"இந்த வழி ரெண்டே பேருக்குத்தான் தெரியும்" என்றார் அக்காவிடம். "அப்ப நீதான். காபியில என்ன கலக்கறே?"

"கலந்திருந்தா முதல்ல குடிக்கிற நான்தானே செத்திருப்பேன்?"

அவர் கப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருக்கு விளங்க ஆரம்பித்தது. விளங்க விளங்க அந்த முகத்தில் வேறு ஒன்று வந்தது, சின்னப் பிள்ளையின் ஆசை மாதிரி. அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"எனக்காகவா?" என்றார்.

"இல்லைங்க" என்றாள் அக்கா. "இவனுக்காக."

பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு வார்த்தைதானே. ஆனால் அக்காவுக்கு முகத்தைப் பார்த்துப் பொய் வராது, எண்ணுவதில் மட்டும்தான் வரும்.

குழல் விளக்கு ரீங்கரித்தது. அத்தான் துண்டால் மெதுவாக முகத்தைத் துடைத்தார். "பதினோரு வருஷமா உன் எச்சிலைத்தான் குடிச்சிருக்கேன்" என்றார்.

"எனக்கும் ஒண்ணும் பிடிச்சுக் குடிக்கலை. அநியாயத்துக்கு இனிப்பு."

அவர் சிரித்துவிட்டார். அந்த நிலைமையில் சிரிப்பு எப்படி வந்ததோ, நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது.

"அத்தான், கம்பியைக் கூப்பிடுங்க. அவன் வந்து வயரைக் கழற்றட்டும்."

அத்தான் துண்டை மடித்தார். மறுபடி மடித்தார்.

"அத்தான்?"

"கம்பியை ஊருக்கு அனுப்பிட்டேன்."

"எப்ப?"

"நேத்து சாயங்காலம். வேலை முடிஞ்ச உடனே." தரையைப் பார்த்துச் சொன்னார். "பழக்க தோஷம்."

அக்காவின் முட்டி லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. அவளால் ரொம்ப நேரம் ஒரே மாதிரி உட்கார முடியாது.

"தள்ளு அக்கா. நான் உட்கார்றேன். முதல் ஆள் நான்தான், சம்பளம் எனக்குத்தான்."

"கிட்ட வந்தேன்னா இப்பவே எந்திரிச்சுடுவேன்" என்றாள். அவள் அப்படிச் சொன்னால் செய்துவிடுவாள். நான் அப்படியே நின்றேன்.

அத்தான் என்னைத் தாண்டிப் போனார். பதினோரு வருடத்தில் அவர் ஒரு பொருளிடம் எனக்கு முன்னால் போய் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாற்காலியின் கையைப் பிடித்து, அக்கா பக்கத்தில் அங்குலம் அங்குலமாக உட்கார்ந்தார். தோளோடு தோள் ஒட்டி இருவரும் கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தார்கள், அவர் காதோரம் கொஞ்சம் சோப்பு நுரையோடு. கிளிக் சத்தம் வரவில்லை.

"இப்ப மெதுவா நகரு."

"நீங்க எதுக்குங்க…"

"என் நாற்காலி" என்றார். "இதுல வேற யாரும் சாகக்கூடாது. நகரு."

அவள் நகர்ந்தாள். நான் அவளைப் பிடித்து இறக்கினேன். நாற்காலி அமுங்கியபடியே இருந்தது.

"வேலை தெரிஞ்ச யாரையாவது வரச்சொல்லி வயரை வெட்டலாம் அத்தான். நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"பத்து மணிக்குப் பசங்க வருவாங்க மச்சான். நான் எந்திரிக்க முடியாம உட்கார்ந்திருக்கேன்னு தெரிஞ்சா, பத்தேகாலுக்கு இந்த நாற்காலிக்கு அடிதடி நடக்கும். உன்னையும் இவளையும் அப்புறம் யாரு விட்டுவைப்பா?" அவர் குரல் பழைய குரலுக்குத் திரும்பியிருந்தது, என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரின் குரல். "அலமாரி வழியா இறங்குங்க. ஹாரன்கிட்டகூடச் சொல்லாதே, அவன் ஊருக்கே சொல்லிடுவான். நான் எண்ணுறேன். நூறுக்குள்ள வீட்டை விட்டுப் போயிடணும்."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் கையிலிருந்த துண்டை வாங்கி, காதோரம் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்துவிட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒண்ணு" என்றார். "ரெண்டு."

நான் அக்காவை அலமாரிக்குள் இழுத்தேன். அவளுடைய அறையின் மூலையில், கட்டிலுக்குப் பின்னால், கீழே இறங்கும் ஒரு குறுகிய படி இருந்தது. என் வயிற்றுக்காகக் கட்டிய வழி இல்லை அது, ஒவ்வொரு படியிலும் சிக்கினேன். அக்கா சுவரைப் பிடித்து ஒவ்வொரு காலாக வைத்தாள். இருட்டுக்குள் அவர் குரல் பின்னாலேயே வந்தது. ஐம்பது. ஐம்பத்தைந்து.

"அம்பத்தி எட்டு… அம்பத்தி ஒம்பது…"

நான் எழுபதுக்குத் தயாரானேன். அந்தப் பத்து எண் குறைந்தால் படி இறங்கி முடிக்க முடியாது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"அறுவது" என்றார் அத்தான். "அறுவத்தி ஒண்ணு. அறுவத்தி ரெண்டு."

அக்கா நின்றுவிட்டாள். நான் இழுத்தும் நகரவில்லை. சுவரில் ஒரு கையை ஊன்றி, முகத்தை அதில் சாய்த்துக்கொண்டு, அந்தப் பத்து எண்ணையும் ஒன்றுவிடாமல் கேட்டாள். எழுபது வந்த பிறகுதான் கால் எடுத்து வைத்தாள்.

தெருவுக்கு வந்து, இரண்டு முனை தாண்டி, பஸ் நிறுத்தத்தில் நின்றோம். நூறு எப்போதோ முடிந்திருக்க வேண்டும். சத்தம் இல்லை. எதிரே இருந்த கடையின் கடிகாரத்தில் ஒன்பதரை ஆனது, ஒன்பதே முக்கால் ஆனது. எண்ணிக்கொண்டே இருக்கிறார் என்று தோன்றியது. எங்கள் பஸ் வந்து, அக்காவைக் கைதூக்கி ஏற்றி, அது கிளம்பித் திரும்பியபோது கடிகாரத்தில் பத்தடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. அப்போது கேட்டது. கனமான புத்தகம் ஒன்று தரையில் விழுந்த அளவுதான் சத்தம். பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், பிடி இறுகியது.

இப்போது நாங்கள் இருப்பது வேறு ஊர். இரண்டு அறை வீடு. எனக்கு ஒரு கிடங்கில் காவலாள் வேலை, அங்கே என்னைக் கொல்ல எவனுக்கும் அவசியம் இல்லை. சொன்னால் அக்கா கேட்கமாட்டாள். காலையில் என் காபியை அவள்தான் முதலில் ஒரு வாய் குடிப்பாள். ஒரு மர நாற்காலிதான் இருக்கிறது, அதில் அவள்தான் முதலில் உட்காருவாள். எவ்வளவோ கத்திப் பார்த்துவிட்டேன். "உன் வேலையைப் பாருடா" என்பாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். ஐம்பத்தொன்பது வந்ததும் ஒரு மூச்சு நிறுத்துவாள். பிறகு அறுபது என்பாள். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று ஒன்றைக்கூட விடாமல் எழுபதுக்குப் போவாள். அவள் நூறு சொல்லி முடிக்கும்வரை நான் உள்ளே போவதில்லை.